ஜெமிமாவுக்குக் கொடுத்த வாக்கு

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். தீர்ப்பை மட்டும் என்னிடம் கேட்காமல் நீங்களே முதலில் யோசியுங்கள்.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு சிறிய சபை இருந்தது. ரத்தம் ஆண்டவருக்கு மட்டுமே உரியது, ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்கு அது போகக்கூடாது என்பது அந்தச் சபையின் கட்டளை. மீறியவர்களோடு சபையார் பேசமாட்டார்கள். பெற்ற தாயானாலும் அப்படித்தான்.

பியூலா அந்தச் சபையில் பிறந்தவள். அவளுக்கு இருபத்திரண்டு வயதானபோது அவள் தம்பி எப்ராயீம் லாரியில் அடிபட்டான். ரத்தம் ஏற்றினால் பிழைப்பான் என்றார்கள். மயங்கிக் கிடந்த அவனுக்காக, வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டவள் தாய் மரகதம். மறுநாள் மதியம் அவன் இறந்துபோனான்.

அடக்கத்தன்று சபை மூப்பர் ஆசீர்வாதம் கல்லறையருகே நின்று, "விசுவாசத்தில் ஜெயித்த பிள்ளை" என்றார்.

"அவன் ஜெயிக்கல. செத்துட்டான்" என்றாள் பியூலா, எல்லோர் காதிலும் விழும்படி.

அந்த மாதமே சபையை விட்டு விலகினாள். தீப்பெட்டி ஆபீஸில் மேற்பார்வை வேலை பார்த்துக்கொண்டே, நான்கு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கத் தொடங்கினாள். கொடுத்த நாளில் கையில் ஒட்டிய பஞ்சை எடுக்காமல் சபைத் தெரு வழியாகத்தான் வீடு திரும்புவாள். வாசலில் நிற்கும் தாய் அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "திருப்பட்டும். நான் தெருவ மாத்திக்க மாட்டேன்" என்பாள் பியூலா. இப்படியே பன்னிரண்டு வருடங்கள் போயின.

பிறகு ஒரு நாள் மூப்பரின் மகள் ஜெமிமாவுக்குப் பிரசவத்தில் உதிரப்போக்கு நிற்கவில்லை. மருத்துவர் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு அவளிடம் தனியாகக் கேட்டார். "ஏத்துங்க, நான் சாக மாட்டேன்" என்றாள் ஜெமிமா. அவளுடைய ரத்தப் பிரிவு எளிதில் கிடைக்காதது. பியூலாவுக்கும் அதே பிரிவு என்பது ரத்தம் கொடுப்போர் பட்டியலைப் பார்த்து ஜெமிமாவின் கணவனுக்குத் தெரிந்தது. யாருக்கும் சொல்லாமல் அவளை அழைத்துவந்தான். கல்லறையருகே பேசியவரின் மகள் என்று தெரிந்தேதான் பியூலா கையை நீட்டினாள்.

கண்விழித்த ஜெமிமா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பாவுக்குத் தெரிஞ்சா என் பிள்ளையத் தொடக்கூட மாட்டாருக்கா. யார்ட்டயும் சொல்லிராதீங்க."

"சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தாள் பியூலா.

ஒன்றும் அறியாத மூப்பர், அடுத்த மாதம் சபையில் எழுந்து சாட்சி சொன்னார். ஒரு சொட்டு ரத்தமும் ஏற்றாமல் தன் மகள் பிழைத்தாள் என்றார். ஜெமிமா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தலைகுனிந்திருந்தாள். செய்தி பியூலாவின் காதுக்கு வந்தது. கொடுத்த வாக்கை அவள் மீறவில்லை.

ஆனால் தை மாதம் மரகதம் ரத்தமாக வாந்தி எடுத்தாள். குடலில் புண். அதே மருத்துவமனை, அதே மருத்துவர். ரத்தம் ஏற்றச் சம்மதம் கேட்டார்.

"ஜெமிமா ரத்தமில்லாமப் பொழைக்கலையா? நானும் பொழைப்பேன்" என்றாள் மரகதம்.

"உங்க உடம்பு தாங்காதும்மா" என்பதற்கு மேல் மருத்துவர் எதுவும் சொல்லவில்லை. செய்தி கேட்டு வந்து அறை வாசலில் நின்றிருந்த பியூலா அவரை வராந்தாவில் மறித்தாள். "உங்களுக்குத்தான் தெரியுமே சார், சொல்லுங்களேன்."

"ஒரு நோயாளி ரகசியத்தை இன்னொரு நோயாளிகிட்ட நான் சொல்ல முடியாதும்மா" என்றார் அவர்.

பியூலா ஜெமிமாவுக்குப் போன் செய்தாள். "எங்கம்மா உன்னச் சொல்லித்தான் சாகப் போறா. நீயே வந்து சொல்லிரு."

ஜெமிமா அழுதாள். "என்னால ஏலாதுக்கா. நீங்க வாக்குக் குடுத்திருக்கீங்க."

பியூலா அறைக்குள் போனாள். கட்டிலருகே மூப்பர் ஜெபித்துக்கொண்டிருந்தார். அவர் ஆமென் சொல்லும்வரை அவள் காத்திருக்கவில்லை.

"எம்மா, ஜெமிமாவுக்கு ரத்தம் ஏத்தினாங்க. என் ரத்தம். அவளே கேட்டு ஏத்திக்கிட்டா."

"பொய்!" என்றார் மூப்பர். உடனே மகளைப் போனில் அழைத்து, எல்லோரும் கேட்கும்படி வைத்துவிட்டு, "சொல்லும்மா, இவ சொல்றது பொய்தானே?" என்றார். மறுமுனையில் குழந்தை அழும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு இணைப்பும் துண்டிக்கப்பட்டது.

மரகதம் பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு மகளை நேராகப் பார்த்தாள். "ஏட்டி, இப்ப நான் ஏத்திக்கிட்டா, எப்ராயீமுக்கும் ஏத்தியிருக்கலாம்னு ஆயிருமே. அவன நானே..."

"ஆமாம்மா, ஏத்தியிருக்கலாம்" என்றாள் பியூலா. அவள் குரல் இளகவில்லை. "அன்னைக்கு நீ நம்பிச் செஞ்ச. இன்னைக்கு உண்மை தெரிஞ்சிருச்சு. இனி உன் இஷ்டம்."

மரகதம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். பிறகு மருத்துவரைக் கூப்பிட்டு, "ஏத்துங்கய்யா" என்றாள். முகம் தெரியாத யாரோ கொடுத்த ரத்தத்தில் அவள் பிழைத்தாள்.

சபை இருவரையும் விலக்கியது, மரகதத்தையும் ஜெமிமாவையும். மூப்பர் மகளுக்குக் கதவைச் சாத்தினார். ஜெமிமா பியூலாவின் வீட்டு வாசலில் வந்து நின்று, "உங்கம்மாவக் காப்பாத்த என்னக் காவு குடுத்துட்டீங்களேக்கா" என்று கேட்டாள்.

ரகசியம் காத்த மருத்துவர், வாய் திறக்காத ஜெமிமா, வாக்கை மீறிய பியூலா. இவர்களில் யார் செய்தது சரி?

விடை: மருத்துவர் செய்தது அவர் தொழிலுக்குச் சரி. நோயாளிகள் அவரை நம்பிப் பேச வேண்டுமானால் அவர் அப்படித்தான் இருக்க வேண்டும். ஜெமிமா ரத்தம் கேட்டதும் தவறல்ல, பயந்து மறைத்ததும் தவறல்ல. ஆனால் தன்னைச் சொல்லி ஒருத்தி சாகப் போகிறாள் என்று தெரிந்த பிறகும் மறைத்தது தவறு. பியூலா செய்ததே சரி. தாய் பிழைத்தாள் என்பதால் இதைச் சொல்லவில்லை. உண்மையைக் கேட்ட பிறகும் மரகதம் வேண்டாம் என்று சொல்லி இறந்திருந்தாலும் என் தீர்ப்பு இதுதான். சாவதா வாழ்வதா என்று ஒருத்தி முடிவெடுக்கும்போது அவள் கையில் பொய்யைக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்க்க எந்த வாக்கும் யாரையும் கட்டாது. ஜெமிமாவுக்கு நேர்ந்தது அநியாயம்தான். அந்தக் கதவைச் சாத்தியது பியூலாவின் கையல்ல.