ஊதா மொச்சையும் பட்டுத் தலைப்பாகையும்

விதைக்கு வைத்த சோயா மொச்சையை முறத்தில் போட்டுப் பொறுக்கிக்கொண்டே சொல்கிறேன். கறை விழுந்ததைப் பார்த்தால் எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வரும்.

ஒரு காலத்தில் கடம்ப நாட்டைக் கடம்பராயன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் நினைத்ததும் நடக்க வேண்டும். கப்பல்காரர் கொடுத்த இந்த மொச்சை விளைந்ததும், "முதல் அறுப்பு நான் யானைமேல் வந்து அறுத்த பிறகுதான். அதுவரை ஒருவரும் அரிவாள் வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். காய் முற்றிக் காய்ந்தது. யானை புறப்பட நல்ல நேரம் வரவில்லை. மழைதான் வந்தது, அடை மழை. ராஜா வந்து அறுத்தபோது பாதி விதை ஊதாக் கறையோடு இருந்தது.

களஞ்சியத்தைப் பார்த்துக்கொள்ளும் வெங்கப்பருக்கு மந்திரி உமைபாகனைக் கண்டால் ஆகாது. வெங்கப்பர் கறை விதையைத் தட்டில் ஏந்தி வந்தார்.

"மகாராஜாவுக்காகக் காத்து நின்ற பயிர் அல்லவா? ராஜ நிறமே பூசிக்கொண்டது. இதைத்தான் நாடெங்கும் விதைக்க வேண்டும்."

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "அப்படியே ஆகட்டும். வெளிறியதெல்லாம் குதிரைக்கு."

மந்திரிக்கு விஷயம் தெரியும். அந்த விதையைப் போட்டால் அடுத்த போகமே போச்சு, ஊரே பட்டினி கிடக்கும். ஆனால் ராஜாவை எதிர்த்துச் சொல்ல முடியுமா?

"மகாராஜா, ராஜ விதையை வெறும் மண்ணில் போடுவதா? முதலில் வெங்கப்பரின் பட்டுத் தலைப்பாகையில் ஈரம் பண்ணி முளை கட்டட்டும். குதிரைக்குப் போகிற விதையை நான் என் பழைய துண்டில் முடிந்துகொள்கிறேன்."

"உம் விதை தோற்றால்?" என்றார் ராஜா.

"என் முத்திரை மோதிரத்தை அவர் எடுத்துக்கொள்ளட்டும். அவர் தோற்றால், நான் சொல்லும் வேலையைச் செய்யட்டும்."

வெங்கப்பர் பல்லெல்லாம் தெரிய ஒத்துக்கொண்டார். விதை முடிந்த ஈரத் தலைப்பாகையோடு சபைக்கு வந்தார். இரண்டொரு நாளில் பக்கத்து இருக்கைக்காரர் தள்ளி உட்கார்ந்தார். அப்புறம் அந்த வரிசையே தள்ளி உட்கார்ந்தது.

"வெங்கப்பரே, எங்கேயாவது எலி செத்துக் கிடக்கிறதா?" என்றார் ராஜா, மூக்கைப் பொத்திக்கொண்டு.

"என் பக்கம் இல்லை, மகாராஜா."

முளை கட்டும் நாள் வந்ததும் இரண்டையும் அவிழ்த்தார்கள். துண்டில் வெள்ளை வெளேரென்று முளை நீட்டியிருந்தது. தலைப்பாகையில் பூசணம் படர்ந்து, விதை கொழகொழவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. தப்பி வந்த ஒன்றிரண்டு முளையும் நுனி கருகிக் கிடந்தது.

ராஜா சிரிக்கவில்லை. "ஏன் இப்படி ஆச்சு?"

"பூசணம்தான், மகாராஜா. காய்ந்த காய் மழையில் நின்றால் அது உள்ளே புகுந்துவிடும். அந்த நிறம் அது விட்ட கறை."

"மழையில் ஏன் நின்றது?"

 மந்திரி நிதானமாகச் சொன்னார், "யானை தாமதம் பண்ணிவிட்டது, மகாராஜா."

 ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "யானைமேல் இருந்தவனைச் சொல்லாமல் விட்டீரே. இனிமேல் காய் காய்ந்தால் அறுத்துவிடுங்கள். எனக்காகக்கூடக் காத்திருக்க வேண்டாம்." தம் முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டார்.

மந்திரி சொன்னபடி, அறுத்த செடியின் காய்ந்த தட்டையையெல்லாம் வயலிலிருந்து அப்புறப்படுத்தி, அதே நிலத்தில் அந்தப் போகம் சோளம் போட்டார்கள். மொச்சையை வேறு நிலத்தில், காற்றோட இடைவெளி விட்டு ஊன்றினார்கள். எவ்வளவு யோசனையான மனுஷர் பாருங்கள்.

வெங்கப்பருக்கு என்ன வேலை என்கிறீர்களா? களஞ்சியத்தில் பெண்களோடு உட்கார்ந்து கறை விதை பொறுக்குவது. பக்கத்தில் இருந்தவள் சொன்னாளாம், "ஐயா, ராஜ நிறம் வந்தா ஒரு கும்பிடு போட்டுட்டு எறியுங்க."

போகப்போக அவருக்கும் கண் பழகிவிட்டது. அடுத்த அறுப்புக்கு வானம் கறுத்தபோது, யானைக்கு முன்னால் அவரே ஓடிப்போய், "எல்லாம் அறுத்துக் களத்துக்குக் கொண்டுவந்தாச்சு, மகாராஜா, இனி நீங்கள் நிதானமாக யானைமேல் வரலாம்" என்று சொன்னாராம்.

அத்தை கூப்பிடுகிறார்கள், கதையும் முடிந்தது. இதோ வர்றேன் அத்தை, பிள்ளையைக் கொஞ்சம் பார்த்துக்குங்க.