அசையாத படம்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம் நாச்சிமுத்து ஒரு பெரிய கேமரா வாங்கினார்.

கழுத்தில் மாட்டிக்கொள்கிற கேமரா இல்லை. மரப்பெட்டி, தோல் துருத்தி, முக்காலி, தலையோடு போர்த்திக்கொள்ள ஒரு கறுப்புத் துணி. ஒரு தடவைக்கு ஒரே ஒரு ஃபிலிம், அதுவும் உள்ளங்கை அகலத்துக்கு. கைக்குழந்தைகூட செல்போனில் படம் எடுக்கிற காலத்தில் இது எதற்கு என்று குன்னூரில் அவருக்குத் தெரிந்த எல்லோரும் கேட்டார்கள். எல்லோரும் என்றால் மூன்று பேர். அவருக்கு அவ்வளவு பேரைத்தான் தெரியும்.

மனைவி நாகமணி ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியை வைக்க அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து கொடுத்தார்.

நாச்சிமுத்து வேலைக்காலம் முழுக்க மலையடிவாரத்து மின் நிலையம் ஒன்றில் இருந்தவர். டர்பைன் ஓடுகிற இரைச்சலில் அங்கே வாயைத் திறந்து ஒரு பயனும் இல்லை. எல்லாம் கைதான். கையை விரித்தால் நிறுத்து. ஒரு விரலை உயர்த்தினால் பொறு. அந்தப் பழக்கம் அவரோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. தட்டுக்கு மேலே கையைக் காட்டினால் சோறு போதும் என்று அர்த்தம். நாகமணியும் கற்றுக்கொண்டார். மகள் சௌமியா கல்யாணமாகி ஓசூர் போன பிறகு அந்த வீட்டில் யாரும் பேசுவதற்குக் காரணமே இல்லாமல் போயிற்று. சண்டையெல்லாம் இல்லை. சண்டை போடவும் பேசத்தானே வேண்டும்?

கேமராவை விற்றவர் ஜெசிந்தா. நாற்பது வயதுகூட ஆகாதவர். வீட்டின் பின்னறையை இருட்டறையாக்கி ஃபிலிம் கழுவுவார், வருகிறவர்களுக்கு இந்தக் கேமராவைப் பழக்கித் தருவார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். சில சமயம் அதுவும் கிடையாது. மேடம் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார். அதனால் நாச்சிமுத்து அறுபது வயதில் ஒருவரை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தார்.

முதல் நாள் துணிக்குள் தலையை விட்டுப் பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்தவர் பதறிப்போனார்.

"டீச்சர், எல்லாம் தலைகீழாத் தெரியுதுங்க."

"ஆமா."

"நேராக்க முடியாதுங்களா?"

"பழகிடும் சார்."

பழகிவிட்டது. பழகியது மட்டுமில்லை, துணிக்குள் இருப்பது அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. இருட்டாக இருந்தது, அமைதியாக இருந்தது, யாரும் அவர் முகத்தைப் பார்க்க முடியாது. வெளியே வரச் சொல்லி ஜெசிந்தா முதுகில் தட்ட வேண்டியிருந்தது.

முதல் ஃபிலிம் முழுக்கக் கறுப்பாக வந்தது. லென்ஸை மூடாமல், ஃபிலிம் இருக்கிற ஹோல்டரின் மறைப்புத் தகட்டை இழுத்துவிட்டார். இரண்டாவது வெறும் கண்ணாடித்தாள் மாதிரி வந்தது. தகட்டை இழுக்கவே மறந்துவிட்டார். மூன்றாவதில் ஒரு மரம் இருந்தது. காற்றில் ஆடிய மரம், பஞ்சு பிய்த்த மாதிரி.

"படம் அசையாம வரோணுங்க டீச்சர். அதுக்கு என்ன பண்ணோணும்?"

"அசையாததை எடுங்க."

நாச்சிமுத்து அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அதிகாரி சொன்னதை அப்படியே செய்து பழகியவர் அல்லவா. பாறையை எடுத்தார். அணைச்சுவரை எடுத்தார். பூட்டிய தேவாலயத்தின் கதவை எடுத்தார். தண்ணீர்த் தொட்டியைப் பல கோணங்களில் எடுத்தார். படங்கள் கத்தி மாதிரி கூர்மையாக வந்தன. பாறையில் படிந்த பாசியின் ஒவ்வொரு இழையும் தெரிந்தது.

ஜெசிந்தா ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஒண்ணுலகூட ஆளே இல்லையே?"

"ஆளுக அசைவாங்க டீச்சர்."

ஜெசிந்தா படங்களை உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நாகமணி சொன்னார்.

"ஏனுங்க, நான் சௌமியா ஊட்டுக்குப் போலாம்னு இருக்கறேன்."

நாச்சிமுத்து நிமிர்ந்து பார்த்தார்.

"எப்ப?"

"வர்ற ஞாயித்துக்கிழமை. மாப்பிள்ளை கார் கொண்டாறேன்னு சொல்லியிருக்காரு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அங்கயே இருந்துக்கறனுங்க," என்றார்.

சொல்லிவிட்டு நாகமணி அடுப்படிக்குப் போகவில்லை. தோசைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். நாச்சிமுத்து சட்னியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி," என்றார்.

அந்தச் சரியைச் சொன்ன பிறகு அவருக்கு அழுகை வந்தது. இந்த மனுஷி இல்லாமல் இந்த வீட்டில் எப்படி இருப்பது என்று பயமாக இருந்தது. பயம் வந்த உடனே வேறு ஒரு யோசனையும் வந்தது. போவதற்குள் நாகமணியை ஒரு படம் எடுத்துவிட வேண்டும். பார்த்துக்கொண்டிருக்க ஒரு முகமாவது இருக்கும். போகவேண்டாம் என்று சொல்வதைவிட அது சுலபமாகத் தெரிந்தது.

வியாழக்கிழமை வெளியே ஒரே மூடுபனி. நாச்சிமுத்து ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டார். படம் எடுக்க வேண்டும் என்றதும் நாகமணி எதற்கு என்று கேட்கவில்லை. உள்ளே போய் மகள் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"வெளிச்சம் பத்தாது. எட்டு விநாடி அசையாம இருக்கோணும்."

"மூச்சு உடலாங்களா?"

"உடலாம். மெதுவா."

"கண்ணு?"

"சிமிட்டுனா தெரியாது. தலை மட்டும் ஆடக்கூடாது."

அந்த மாதத்தில் அவர்கள் பேசிக்கொண்ட பெரிய பேச்சு அதுதான்.

நாச்சிமுத்து துணிக்குள் போனார். கண்ணாடியில் நாகமணி தலைகீழாக உட்கார்ந்திருந்தார். துருத்தியை முன்னும் பின்னும் நகர்த்தி, கண்ணிமையைக் கூர்மைக்குக் கொண்டுவந்தார். புருவத்துக்கு மேலே ஒரு சின்னத் தழும்பு தெரிந்தது. அது எப்போதிருந்து இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. முன்நெற்றி முழுக்க நரைத்திருந்தது. இவ்வளவு நேரம் அந்த முகத்தை அவர் நேராகப் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. இதையும் நேராகப் பார்த்ததாகச் சொல்ல முடியாதுதான்.

வெளியே வந்தார். லென்ஸை மூடினார், ஹோல்டரைச் செருகினார், தகட்டை இழுத்தார். இந்தத் தடவை எதையும் மறக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, லென்ஸைத் திறக்கிற கேபிளை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

ஒன்று. இரண்டு. மூன்று.

நாகமணி என்னவோ சொன்னார்.

நாச்சிமுத்து கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு விரலை உயர்த்தினார். நாகமணி நிறுத்திக்கொண்டார். எட்டு வந்ததும் கேபிளை விட்டார், தகட்டை உள்ளே தள்ளினார்.

"ஆச்சு."

நாகமணி இன்னும் கொஞ்ச நேரம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். நாச்சிமுத்து முக்காலியை மடக்கிக்கொண்டிருந்தார். பிறகு நாகமணி எழுந்து சேலையை மாற்ற உள்ளே போனார்.

மறுநாள் காலையிலேயே நாச்சிமுத்து ஜெசிந்தாவின் வீட்டுக்குப் போய்விட்டார். ஜெசிந்தா ஃபிலிமைக் கழுவிக் காயவைத்து, பிரிண்ட் போட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் கொண்டுவந்து காட்டினார்.

சேலைக் கரையின் ஒவ்வொரு சரிகையும் தெளிவாக இருந்தது. மடியில் கோர்த்த விரல்கள் தெளிவாக இருந்தன. பின்னால் சுவரில் தொங்கிய காலண்டரின் தேதியைக்கூடப் படிக்க முடிந்தது. முகத்தை மட்டும் யாரோ ஈரக் கையால் துடைத்த மாதிரி இருந்தது. வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

நாச்சிமுத்துவுக்கு மனசு விட்டுப்போயிற்று.

"கெட்டுப்போச்சுங்களே டீச்சர். அசையாதேன்னு அவ்வளவு தூரம் சொன்னனுங்க."

"ஏன் அசைஞ்சாங்க?"

"நடுவுல என்னமோ பேசுனாங்க."

"என்ன பேசினாங்க?"

"தெரியலீங்க. நான் எண்ணிட்டிருந்தனுங்க. பொறுன்னு வெரலைக் காட்டுனேன், நிறுத்திட்டாங்க."

"அப்புறம் கேட்டீங்களா?"

"அப்பறம் தகட்டை மூடோணும், முக்காலியை மடக்கோணும்..." நாச்சிமுத்து இழுத்தார். "நாளன்னிக்கு ஓசூர் போறாங்க டீச்சர். மக வீட்டுக்கு. இனி அங்கயேதானாம். போறதுக்குள்ள ஒரு படமாவது அசையாம வரோணுங்க. அதுக்கு என்ன பண்ணோணும்?"

ஜெசிந்தா பிரிண்ட்டை மேஜைமேல் வைத்தார்.

"உட்காருங்க சார்."

அறையின் மூலையில் ஜெசிந்தாவின் சொந்தக் கேமரா நின்றிருந்தது. அதன் எதிரே ஒரு ஸ்டூல். நாச்சிமுத்து போய் உட்கார்ந்தார். ஏதோ தொழில் ரகசியம் சொல்லித்தரப் போகிறார் என்று நினைத்து முதுகை நிமிர்த்திக்கொண்டார். ஜெசிந்தா துணிக்குள் போனார், வெளியே வந்தார், ஹோல்டரைச் செருகித் தகட்டை இழுத்தார்.

"இந்த மூலை ரொம்ப இருட்டு. ஒரு நிமிஷம் ஆகும். அசையாதீங்க."

கேபிளை அழுத்திவிட்டுத் தன் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

நாச்சிமுத்து லென்ஸைப் பார்த்தார். முன்பின் இந்தப் பக்கம் உட்கார்ந்து பழக்கமில்லை. எதிரே கைக்கெட்டும் தூரத்தில் ஒரு ஆள் நிற்கிறார். ஆனால் அவர் தன்னைப் பார்க்கவில்லை, முள்ளைப் பார்க்கிறார். ஒன்றும் செய்யாமல் அப்படி உட்கார்ந்திருக்கும்போது, திங்கட்கிழமையிலிருந்து நெஞ்சுக்குள் அடைத்துக் கிடந்தது மெல்லக் கிளம்பி மேலே வந்தது. அவரால் தாங்க முடியவில்லை.

"டீச்சர், அவ போயிட்டான்னா நான்..."

ஜெசிந்தா கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு விரலை உயர்த்தினார்.

நாச்சிமுத்து வாயை மூடிக்கொண்டார். மிச்சமிருந்த நேரம் போகவே மாட்டேன் என்றது. கடைசியில் ஜெசிந்தா கேபிளை விட்டு, தகட்டைத் தள்ளினார்.

"ஆச்சு."

சொல்ல வந்தது என்ன என்று கேட்பார் என்று நாச்சிமுத்து காத்திருந்தார். ஜெசிந்தா ஹோல்டரை எடுத்துக்கொண்டு இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நாச்சிமுத்துவுக்குக் கோபம் வந்தது. பெற்ற மகளைவிட ஓரிரண்டு வயது மூத்தவர், ஒரு மனிதன் வாய்விட்டுச் சொல்ல வந்ததை என்னவென்று கேட்டால் குறைந்தா போய்விடுவார்? எழுந்து போய்விடலாம் என்று பையை எடுத்தார். மேஜைமேல் பிரிண்ட் கிடந்தது. பையைத் தோளில் மாட்டியவர், வாயில்லாத அந்த முகத்தைப் பார்த்தபடி அங்கேயே நின்றுவிட்டார்.

ஜெசிந்தா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"நான் ஒண்ணு சொல்ல வந்தனுங்க. நீங்க கேக்கவே இல்லீங்களே," என்றார் நாச்சிமுத்து. குரல் உடைந்திருந்தது.

"படம் கெட்டுப்போயிருக்கும் சார்."

நாச்சிமுத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. மறைத்துக்கொள்ளத் துணி எதுவும் கையில் இல்லை. ஜெசிந்தாவும் அவசரப்படுத்தவில்லை, அவர் பாட்டுக்கு அழட்டும் என்று விட்டார்.

"இப்பப் போயி நேத்து நீ என்ன சொன்னேன்னு கேட்டா, மறந்துபோச்சுன்னு சொல்லிப்போடுவாங்க. எனக்கு நாகமணியத் தெரியும். ஒரு தடவ வெரலைக் காட்டிட்டா அப்பறம் வாயத் தொறக்க மாட்டாங்க." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எதுத்தாப்புல உக்காந்து பேச்சுக் குடுக்க எனக்கும் வராதுங்க டீச்சர். சும்மா மூஞ்சியப் பார்த்துட்டு உக்காந்தா என்னன்னு கேப்பாங்க. எனக்குச் சொல்லத் தெரியாது. கேமரா இருந்தாத்தான் அவங்க முன்னால போயி நிக்கவே முடியுது."

"கேமராவோடவே போங்க."

ஜெசிந்தா அவர் தோளிலிருந்த பையைத் திறந்தார். உள்ளேயிருந்த ஹோல்டர்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினார்.

"நாளைக்கு மறுபடி அவங்களை உட்கார வைங்க. ஃபோகஸ் பண்ணுங்க. வெளியே வந்து நில்லுங்க. கேபிளை அழுத்திப் பிடிச்சுக்கங்க."

"ஃபிலிம் எல்லாம் இங்க வெச்சுட்டீங்களே டீச்சர்."

"இங்கேயே இருக்கட்டும்."

நாச்சிமுத்து காலிப் பையைப் பார்த்தார். மூடிய அலமாரியைப் பார்த்தார். அவருக்கு நிஜமாகவே குழப்பமாக இருந்தது. ஒரு கேமராவை எத்தனை விநாடி திறந்து வைப்பது என்பதை ஃபிலிமை வைத்துத்தானே இத்தனை நாளும் கணக்குப் போட்டார்.

"ஃபிலிம் இல்லாம எத்தனை விநாடி புடிச்சுட்டு நிக்கறதுங்க?"

ஜெசிந்தா சொன்னார்:

"அவங்க சொல்லி முடிக்கிற வரைக்கும்."