பழம் தின்றதும் ஒலிக்கும் மணி

பூச்சிகளும் திரைப் பொம்மைகளும் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், அதாவது நம்மில் சிலர் பள்ளிக்கூடம் போன காலத்தில், தூத்துக்குடியில் பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிர்க்கடையில் ஒரு வீடியோ கேம் பெட்டி இருந்தது. அதற்குள் தத்தையன் என்றொரு தவளை வாழ்ந்தது. பச்சைச் சதுரங்களால் ஆன தவளை. மேலிருந்து விழும் பழங்களைத் தாவித் தின்பது அதன் பிழைப்பு. சத்தம் மட்டும் கிடையாது.

நடத்துநர் நூருல்லா ஆடிப் பார்த்துவிட்டுக் கையை உதறினார். "என்ன அண்ணாச்சி, தின்னுச்சா தின்னலையான்னே தெரியல. செவுத்துகிட்ட பேசுற மாதிரி இருக்கு."

"இதை யாருமே தொடமாட்டேங்காங்க. ஒயரைப் பிடுங்கிர வேண்டியதுதான்" என்றார் கடைக்காரர்.

திரையின் வெளிச்சம் போனால் தத்தையனும் போய்விடும். பெட்டியின் பின்பக்கம், வெதுவெதுப்புக்காகக் குடிவந்திருந்த சிள்வண்டிடம் ஓடியது.

"மாமா, ஒரு பாட்டுப் பாடுங்க!"

சிள்வண்டு மனமிரங்கிப் பாடியது, நிறுத்தாமல் பாடியது. நூருல்லா காதைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்.

"ஐயோ, போதும் மாமா! பழம் என் வாயில பட்டா மட்டும் பாடுங்க."

"உன் பழத்தையே பாத்துக்கிட்டிருந்தா நான் எப்பப் பொண்ணு பாக்குறது?"

சிள்வண்டுகளில் ஆண்தான் இறக்கைகளை ஒன்றோடொன்று உரசிப் பாடும், அதுவும் பெண் தேடித்தான். இது கதையல்ல, விலங்கியல்.

கடைக்காரரின் கை ஒயரைத் தொட்டது. சிள்வண்டு தவளையின் முகத்தைப் பார்த்தது. பிறகு தன் இறக்கை ஒன்றைக் கழற்றி நீட்டியது.

"இந்தா, பெட்டிக்குள்ள இருக்குற கம்பியில இத உரசு."

தவளை தாவி ஒரு பழத்தைக் கவ்வியது. உரசியது.

ட்ரிங்!

நூருல்லா திரும்பினார். "பொறுங்க அண்ணாச்சி! இன்னொரு ஆட்டம்."

அவருடைய பேருந்து ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்தது.

"இனி நீங்க எப்படி மாமா பாடுவீங்க?"

"ஒத்த இறக்கைய எதுல உரச? பாட்டுக் கேக்காமலே என்னைக் கட்டிக்க ஒருத்தி இல்லாமலா போயிருவா? நீ தின்னு மருமகனே."

அடுத்த பழம் வாயில் பட்டதும், தத்தையன் விழுங்குவதற்கு முன் இறக்கையை உரசி, "நன்றி மாமா" என்றது.

அன்று தொடங்கியதுதான், விளையாட்டில் எது கிடைத்தாலும் எழும் அந்த ஓசை. ஆடுகிறவர்கள் தங்களைத்தான் யாரோ பாராட்டுவதாக நினைத்து அடுத்த ஆட்டத்துக்கு உட்காருகிறார்கள். மனத்தை ஆராய்கிறவர்களும் அப்படியே எழுதிவைத்திருக்கிறார்கள். உள்ளே ஒரு தவளை தன் மாமனுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறது.