வஜ்ரனுக்குக் கொடுத்த வாக்கு

தூத்துக்குடியில் மெர்சலின் என்று ஒருத்தி இருந்தாள். பிழைப்புக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். மற்ற நேரமெல்லாம் மல்யுத்தக் கம்பெனி நடத்தினாள். நிஜக் கம்பெனி அல்ல, கணினி விளையாட்டு. அதை ஆடுகிறவர் கோதாவில் இறங்குவதில்லை. முதலாளியாக இருந்து பயில்வான்களைச் சேர்க்க வேண்டும்; யாரோடு யார் மோதுவது, யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். திரையில் தோன்றும் கூட்டம் மெச்சினால் கம்பெனி வளரும். கொட்டாவி விட்டால் கதவைச் சாத்த வேண்டியதுதான்.

அவளுக்கு இரண்டு கூட்டாளிகள். ஒருவன் தம்பி ரொசாரி. மற்றவன் அவளோடு பாலிடெக்னிக்கில் படித்து, இப்போது செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் நாகூர் கனி. மூவரும் சேர்ந்து 'முத்துநகர் பயில்வான் கம்பெனி'யைத் தொடங்கினார்கள்.

பேர் தெரியாத கம்பெனிக்குப் பேர் பெற்றவன் யார் வருவான்? மெர்சலின் கூப்பிட்ட பயில்வான்கள் எல்லாரும் மறுத்துவிட்டார்கள். வஜ்ரன் என்ற வீரன் மட்டும் ஒரு நிபந்தனையோடு வந்தான்: தன் சம்மதம் இல்லாமல் தன்னைத் தோற்கடிக்கக் கூடாது. அவள் வாக்குக் கொடுத்தாள். திரையில் இருக்கும் ஒரு படத்துக்குக் கொடுத்த வாக்குதானே என்று கூட்டாளிகளிடம் அதைச் சொல்லவும் இல்லை.

ரொசாரி தேடிப் பிடித்தது இடும்பனை. வயதானவன், முழங்கால் தேய்ந்தவன், எந்தக் கம்பெனியும் சீந்தாமல் கிடந்தவன். இவனைச் சேர்ப்போம் என்று தம்பி அடம்பிடித்தான்.

அந்த இடும்பனை வைத்துத்தான் கனி கதை கட்டினான். கடையில் ஆள் வராத நேரமெல்லாம் உட்கார்ந்து மாதக்கணக்கில் எழுதினான். காட்சிக்குக் காட்சி இடும்பன் தோற்பான். தோற்றுவிட்டு மறுபடியும் வருவான். திரைக்கூட்டம் முதலில் அவனைப் பார்த்துச் சிரித்தது. பிறகு சிரிப்பு நின்றது. பிறகு அவன் கோதாவுக்குள் காலெடுத்து வைத்தாலே கூட்டம் எழுந்து நின்றது. கம்பெனியின் ஆண்டுவிழாக் காட்சியில் இடும்பன் வஜ்ரனை வீழ்த்த வேண்டும். அதுதான் கனி எழுதிய முடிவு.

அந்தச் சமயத்தில் விளையாட்டைச் செய்தவர்கள் ஓர் அறிவிப்பு விட்டார்கள். அந்த ஆண்டின் மிகச் சிறந்த மோதலை உருவாக்கியவரின் பெயரை, அடுத்த பதிப்பில் வரும் பெரிய அரங்கத்துக்கு வைப்பார்களாம். ஒரே ஒரு பெயர்.

விழாவுக்கு முன்னால் கனி மெர்சலினிடம் கேட்டான்: "நான் எழுதினதுல ஒரு எழுத்துகூட மாத்தக் கூடாது, மெர்சி."

"மாத்த மாட்டேன்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட கையோடு மூவரும் கணினி முன்னால் உட்கார்ந்தார்கள். மவுஸ் அவள் கையில். மோதல் தொடங்கியது, நடப்பது ஒவ்வொன்றும் திரையில் வரிவரியாக வந்தது. முடியும் தறுவாயில் வரிகள் நின்றன. வேறொரு செய்தி எழுந்தது: வஜ்ரன் தோற்கச் சம்மதிக்கவில்லை. கொடுத்த வாக்கை மீறிக் கட்டளையிடலாம், அல்லது முடிவைக் கோதாவிடமே, அதாவது விளையாட்டின் போக்கிலேயே, விட்டுவிடலாம்.

வாக்கு ஒன்று இருப்பதே கனிக்கு அப்போதுதான் தெரியும். அவன் நிதானமாகத்தான் சொன்னான்: "கட்டளையப் போடு."

மெர்சலினுக்கு விரல் ஓடவில்லை. யாரும் வராத நாளில் வந்தவன் வஜ்ரன். பக்கத்தில் இருப்பவனுக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறாள். இரண்டையும் காப்பாற்ற வழியில்லை. கண்ணை மூடித் திறந்து, முடிவைக் கோதாவிடம் விட்டாள். கனி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வாசலுக்குப் போனான்.

திரையில் வரிகள் மறுபடி ஓடின. இடும்பன் விழுந்தான். எழப் பார்த்தான். முழங்கால் மடங்கியது. மறுபடி எழப் பார்த்தான். வஜ்ரன் அடிக்காமல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கை கொடுத்து அவனைத் தூக்கினான். தூக்கியவன் அவன் காலடியில் தானாக மல்லாந்து படுத்தான். இடும்பனின் கையை எடுத்துத் தன் மார்பின்மேல் வைத்துக்கொண்டான். நடுவர் மூன்றுவரை எண்ணி முடித்தார்; இடும்பன் ஜெயித்தான். அரங்கத்தில் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்.

இப்படி ஒரு முடிவை அவர்கள் யாரும் எழுதவில்லை. அந்த விளையாட்டில் இப்படியும் நடக்கும் என்று கேள்விப்பட்டதும் இல்லை. ரொசாரி தன்னையறியாமல் சிலுவை போட்டுக்கொண்டான். மெர்சலின் தொடக்கூடாததைத் தொட்டவள்போல மவுஸிலிருந்து கையை எடுத்தாள். வாசல்வரை போன கனியும் நிலைப்படியைப் பிடித்தபடி திரையைப் பார்த்து நின்றான். கூட்டம் முழு மதிப்பெண் கொடுத்தது.

ஆண்டின் சிறந்த மோதல் அதுதான் என்று தீர்ப்பும் வந்தது. பெயரைக் கேட்டார்கள். மூவருக்கும் அங்கேதான் மனத்தாங்கல். இடும்பனைக் கண்டெடுத்தது தான் என்றான் ரொசாரி. தான் முடிவைக் கோதாவிடம் விட்டுக்கொடுத்ததால்தானே அந்த அதிசயம் நடந்தது என்றாள் மெர்சலின்.

கனி சொன்னான்: "வஜ்ரன் படுக்கலைன்னா நான் எழுதினதெல்லாம் என்னாகியிருக்கும்? அவன் வெறும் படம், மெர்சி. நான் உன் பக்கத்துலதான உக்காந்திருந்தேன்?"

அந்த அரங்கத்துக்கு யார் பெயரை வைப்பது நியாயம்?

விடை: கனியின் பெயரைத்தான். ரொசாரிக்கு நல்ல கண். ஆனால் கல்லைக் கண்டவன் வேறு, சிலை வடித்தவன் வேறு. கனி வடித்ததால்தான் கூட்டம் இடும்பனுக்காக எழுந்து நின்றது. மெர்சலின் வஜ்ரனுக்குத் தந்த வாக்கைக் காத்தது உயர்ந்த செயல்போலத் தோன்றும், அதுவும் முடிவு அதிசயமாக அமைந்துவிட்டதால். ஆனால் முடிவைப் பார்த்து நியாயம் சொல்லக் கூடாது. வஜ்ரன் விட்டுக்கொடுத்தது தன்னுடைய வெற்றியை. மெர்சலின் விட்டுக்கொடுத்தது கனியின் உழைப்பை. அது அவளுடையது அல்ல. முதல் வாக்கை மறைத்துவிட்டு இரண்டாவதைக் கொடுத்தாளே, தவறு அங்கே இருக்கிறது. இது மெர்சலினுக்கே பிறகு உறைத்தது. கனியின் கடைக்குப் போய், அவன் பார்க்கும்படி அவன் பெயரை எழுதி விளையாட்டைச் செய்தவர்களுக்கு அனுப்பினாள். கனியும் வேண்டாம் என்று சொல்லவில்லை.