கடற்காகத்தின் சிவப்புப் பொட்டு

அந்தக் காலத்தில், பறவைகளும் மனிதர்களும் ஒரே பேச்சுப் பேசிக்கொண்டிருந்தபோது, கடற்காகம் தலை முதல் வால் வரை வெள்ளையாக இருந்தது. அலகு மட்டும் மஞ்சள். மற்ற கடற்பறவைகளைவிடப் பெரிய உடம்பு, அதற்கேற்ற கணீர்க் குரல்.

கரையில் அதற்கு ஒரு வேலை இருந்தது. மீன்பிடிக்கப் போன கட்டுமரங்கள் திரும்பும்போது முன்னால் பறந்து வந்து, வருகிறவர்களின் பெயரைக் குடிசை குடிசையாகச் சொல்லும். பெயர் கேட்ட வீட்டில் உலை ஏறும். பெயர் கேட்காவிட்டால் ஆட்கள் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு தேடப் போவார்கள். அதன் சொல்லை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

ஒருநாள் பிற்பகலில் கடல் கொந்தளித்தது. எல்லா மரங்களும் கரையேறிவிட்டன, உலகனுடையதைத் தவிர. அவன் மனைவி நாகாயி நிறைமாத வயிற்றோடு ஈரமணலில் நின்றாள். தேடப் போவதற்காக அவள் அண்ணன் மாசானமும் இன்னும் சிலரும் ஒரு மரத்தைத் தண்ணீரில் இறக்கினார்கள்.

கடற்காகம் அப்போதுதான் வந்தது. உலகனின் மரம் கட்டவிழ்ந்து சிதறியதையும், ஒற்றைக் கட்டையைப் பிடித்தபடி அவன் மிதந்ததையும் அது பார்த்திருந்தது. இனி அவன் தாங்கமாட்டான் என்று நினைத்துக்கொண்டே வந்தது.

"எங்க வீட்டுக்காரரு வாராரா?" என்று நாகாயி கேட்டாள்.

கடற்காகம் அவள் முகத்தைப் பார்த்தது. வயிற்றைப் பார்த்தது.

"வாராரு தாயி. பின்னாடியே வாராரு."

நாகாயிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "கேட்டியாண்ணே? துக்க வீட்டுக்கு வந்தவன் மாதிரி மூஞ்சிய வச்சிருந்தியே!"

"எம்மூஞ்சி எப்பவும் இப்படித்தான். உம்புருசன் வரட்டும், இம்புட்டுப் பேரைக் காக்க வச்சதுக்கு முதுகுல ரெண்டு வைக்கிறேன்" என்றான் மாசானம்.

இறக்கிய மரத்தை மறுபடி மேலே இழுத்துப் போட்டார்கள். அப்போதாவது கடற்காகம் வாயைத் திறந்திருக்கலாம். அவள் சிரித்துக்கொண்டே உலை வைக்கப் போவதைப் பார்த்ததும் அதற்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலையில் அலை உலகனின் உடலைக் கொண்டுவந்து போட்டது. கை கட்டையை விடவேயில்லை. மாசானம் அவன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தான்.

"சூடு இன்னும் போகலையே... ராத்திரியெல்லாம் உசுரோடதான் கெடந்திருக்கான்."

நாகாயி கல்லெடுக்கவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. கடற்காகத்தைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்: "தெரியலன்னு சொல்லியிருந்தாக்கூட எங்கண்ணன் போயிருப்பானே?"

அது நேராக அவள் குடிசைக்குள் போனது. விடியவிடிய அவள் அணையாமல் வைத்திருந்த அடுப்பில், பானைக்கு அடியில் நுழைந்து, பொய் சொன்ன அலகைத் தணலில் வைத்து அழுத்தியது. பானையின் அடிக்கரி முதுகெல்லாம் அப்பிக்கொண்டது. வெளியே வந்து, "என்னாலதான் செத்தான்" என்று சொல்ல வாயெடுத்தது. பேச்சு வரவில்லை. தலையை அண்ணாந்து, தொண்டை கிழிய, "கியாவ்... கியாவ்..." என்று கத்த மட்டுமே முடிந்தது.

அன்று முதல்தான் கடற்காகத்துக்கு முதுகு கறுத்து, வயிறு மட்டும் வெளுத்து, கீழலகின் நுனியில் தீக்காயம்போல ஒரு சிவப்புப் பொட்டு. ஆள் காணாமல் போன நாட்களில் அது இன்னும் அண்ணாந்து கத்துகிறது. இப்போது உண்மையைத்தான் சொல்கிறது. கரையில் யாருக்கும் விளங்குவதில்லை.