பம்ப் ஹவுஸுக்கு மூச்சு முட்டுன கதை

ஏன் மாமா, சாக்கடைக் கதைன்னா குழந்தை தூங்க மாட்டாளா? உங்க பொண்ணுதான் கேட்டா. ஆமா, உங்க ஆபீஸ் விஷயம்தான். பேர் சொல்ல மாட்டேன், போதுமா? நீங்க பேப்பரைப் படிங்க.

இந்தப் பக்கம் திரும்பிப் படுடி யாழினி. சித்தி சொல்றதுக்கு 'ம்' போடணும்.

ஒரு ஊர்ல ஒரு இன்ஜின் வீடு. நூறு வருஷத்துச் செங்கல் வீடு. ஊர்ச் சாக்கடையெல்லாம் அதுக்கு அடியில இருக்கிற கிணத்துக்குக் களக் களக்னு வரும். அப்புறம் இன்ஜின் அதை உறிஞ்சி, தடக் தடக்னு ஊருக்கு வெளிய தள்ளும்.

"ம்."

கிணத்துல விஷக்காத்து சேரும்ல? அதனால கட்டினவன் தரையோரமா வளைவு வளைவா ஜன்னல் வச்சான். கூரை உச்சியில நீளமா ஒரு திறப்பு. பக்கத்துல பனைமர உசரத்துக்கு ஒரு செங்கல் குழாய். காத்து ஜன்னல்ல நுழைஞ்சு, கிணத்தைச் சுத்தி, உஸ்ஸுனு மேல போயிடும். சர்ச் மாதிரி இருக்குன்னு எல்லாரும் போட்டோ எடுப்பாங்க. அழகுக்குன்னு அதுல ஒரு செங்கல் கிடையாது, நானே அந்தக் கட்டடத்தை அளந்து பிளான் வரைஞ்சிருக்கேன்.

அங்க தேசப்பன்னு ஒரு பம்ப் டிரைவர். கிணத்துக் கம்பியில அடைக்கிற குப்பையை அவர்தான் இறங்கி எடுக்கணும். முதல்ல கயித்துல விளக்கைக் கட்டி உள்ள விடுவாரு. மொத்தம் முப்பது படி. அடி வரைக்கும் எரிஞ்சாத்தான் இறங்குவாரு.

"அணைஞ்சா?"

இறங்க மாட்டாரு. உள்ள மூச்சு விட நல்ல காத்து இல்லன்னு அர்த்தம்.

அப்போ புதுசா ஒரு ஆபீசர் வந்தாரு. மாமா, இருமாதீங்க, இவளுக்குத் தூக்கம் கலைஞ்சிடும். 'ரோட்டுக்கு நாத்தம் வருது, ஜன்னலை அடை'ன்னாரு. டொப் டொப். விளக்கு இருபதாம் படியில அணைஞ்சுது. தேசப்பன் காத்திருந்து மறுபடி விட்டாரு, எரிஞ்சுது, இறங்கினாரு. அப்புறம், 'புறா மோட்டார் மேல எச்சம் போடுது, ஃபால்ஸ் சீலிங் போடு'. கூரைத் திறப்பும் போச்சு. விளக்கு பத்தாம் படியைத் தாண்டல. அன்னிக்கு மத்தியானம் வரைக்கும் காத்திருந்து, விளக்கு அடி வரைக்கும் எரிஞ்சப்புறம்தான் இறங்கினாரு.

"ம்..."

மூணாவதா, 'இப்போ கரண்டு மோட்டார்தானே, புகைபோக்கி எதுக்கு?'ன்னு குழாய் வாயில சிமெண்ட் பலகை போட்டாங்க. அது புகைபோக்கியே இல்லடி. கிணத்தோட மூக்கு. அவ்ளோதான், விளக்கு முதல் படியிலேயே புஸ்.

குப்பை அடைச்சு, தெருவெல்லாம் சாக்கடை. 'டார்ச் எடுத்துட்டு இறங்குய்யா'ன்னாரு ஆபீசர். 'டார்ச் மூச்சு விடாது சார், நான் விடணும்'னாரு தேசப்பன். சொன்ன வேலையைச் செய்யலன்னு எழுதி அவரை சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க.

"..."

கதை இதுவரைக்கும்தான் நடந்திருக்கு. நீ கண்ணை மூடு.

தூங்கிட்டா மாமா. திங்கக்கிழமை வேற ஒருத்தரை இறக்கப் போறீங்கல்ல? ஞாயித்துக்கிழமை வார்டு கூட்டம் இருக்கு, தேசப்பனும் வர்றாரு. விளக்கு எரியாத கிணத்துல ஆள் எப்படி இறங்குவான்? இங்க என்கிட்ட சொல்ல வேண்டாம். அங்க மைக்கைப் பிடிச்சு, அவர் மூஞ்சியைப் பார்த்து பதில் சொல்லுங்க.