சுகந்திக்கு டிராக் பாடியவர்

இந்தக் கதையில் வரும் குருவுக்குத் தாடி கிடையாது. ஆசிரமமும் கிடையாது. மதுரை வில்லாபுரத்தில் ஒரு மாவு மில்லுக்கு மேல், மாடியில் ஒரு சின்ன ரெக்கார்டிங் ஸ்டுடியோ, அவ்வளவுதான். குருவின் பெயர் செலின். நாற்பது வயதுகூட ஆகவில்லை. அம்மன் பாட்டு, மாதா பாட்டு, ஜவுளிக்கடை விளம்பரம் எல்லாம் அவர் கையால் சுத்தமாகித்தான் வெளியே போகும். காலையில் மில் ஓடும்போது தரை அதிரும் என்பதால் பதிவு வேலையை மதியத்துக்கு மேல் வைத்துக்கொள்வார்.

சீடர் கதிரேசன், குருவைவிட நன்றாகவே மூத்தவர். காலமெல்லாம் இன்னிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவர். அந்தக் குழுவில் பாடியவள் அவர் மனைவி சுகந்தி.

சுகந்தி உயிரோடு இருக்கிறாள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கதிரேசன் பேசுவதைக் கேட்பவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள்.

செலினும் அப்படித்தான் நினைத்தார்.

"எப்படிப் பாடுவா தெரியுமா மேடம்? மழை தூறினாக்கூட ஒரு ஆள் எந்திரிச்சுப் போக மாட்டான். இனிமே அந்தக் குரலை எங்க போய்க் கேக்குறது?"

செலின் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எப்பண்ணே தவறுனாங்க?"

"ஐயையோ, வீட்லதான் இருக்கா மேடம். காலையில தோசை ஊத்திக் குடுத்தா." கதிரேசன் பதறிப்போனார். பிறகு மெதுவாகச் சொன்னார். "குரல்தான் தவறிருச்சு."

தொண்டையில் ஒரு கட்டி. அதை எடுத்தபோது குரல் நரம்பும் கெட்டுவிட்டது. கட்டி இருந்த இடம் அப்படி, யாரைக் குறை சொல்ல? சுகந்தி இப்போது பேசினால் சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு சத்தம் வருகிறது. நடுநடுவே ஒரு கரகரப்பு. குழு கலைந்துபோனது. கதிரேசன் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பழைய திருவிழாப் பதிவுகளைக் கேட்கத் தொடங்கினார். கேட்டுக்கொண்டே இருந்தார்.

"புது சாஃப்ட்வேர்ல ஒரு வசதி வந்திருக்காமே மேடம். ஒருத்தரோட குரலைப் பழக்கிவிட்டாப் போதும், புதுப் பாட்டையும் அந்தக் குரல்லயே பாடுமாமே. போன குரல் திரும்ப வருமா?"

"உக்காருங்கண்ணே" என்றார் செலின்.

கதிரேசன் அதையே பதிலாக எடுத்துக்கொண்டார். தினமும் மதியம் வந்தார்.

முதலில் பழைய பதிவுகளை உரிக்கக் கற்றுக்கொண்டார். முன்பெல்லாம் ஒரு கேசட்டில் பாட்டும் டிரம்ஸும் வெடிச்சத்தமும் ஜெனரேட்டர் இரைச்சலும் ஒட்டிக்கிடந்தால் கிடந்ததுதான். இப்போது சாஃப்ட்வேர் தனித்தனியாகப் பிரித்து வைத்துவிடுகிறது. சுகந்தியின் குரல் மட்டும் திரையில் ஒரு நீல அலையாக வந்து நின்றது. அதைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கதிரேசனுக்கு இருந்தது. கூச்சப்பட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

அப்படிச் சேர்த்த குரலைச் சாஃப்ட்வேருக்குப் பழக்கினார்கள். பிறகு ஒரு பாட்டு வேண்டியிருந்தது.

பாட்டு அவரிடம் இருந்தது. சுகந்திக்கென்றே அவர் மெட்டுப் போட்டு எழுதிய பாட்டு. ஆபரேஷனுக்கு முன்னால் முடித்தது. அவள் அதைப் பாடவே இல்லை.

"முதல்ல யாராவது பாடிக் குடுக்கணும்ணே. அந்தப் பாட்டு மேலதான் மெஷின் அவங்க குரலைப் போட்டுக் காட்டும்."

சினிமாவிலும் உண்டு இது. பெரிய பாடகர் வருவதற்கு முன்னால் வேறொருவர் மெட்டைப் பாடிவைப்பார். டிராக் பாடுவது என்று அதற்குப் பெயர்.

"மெட்டுத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். நானே பாடுறேன்" என்றார் கதிரேசன்.

பாடினார். குரல் சுமார்தான். செலின் ஒரு பொத்தானை அழுத்தினார். ஸ்பீக்கரில் சுகந்தி பாடினாள்.

கதிரேசன் அழுதார். மூக்கைச் சிந்திக்கொண்டு, தோள் குலுங்க, கொஞ்சமும் வெட்கமில்லாமல் அழுதார். செலின் வெளியே போய் நின்றுகொண்டார்.

ஒரு வாரம் அவருக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. அதற்குப் பிறகு சிணுங்க ஆரம்பித்தார்.

"எதோ குறையுது மேடம்."

"என்ன குறையுது?"

"மூச்சு விடாமப் பாடுறா."

பழைய பதிவிலிருந்து அவள் மூச்சை வெட்டி எடுத்து வரிக்கு வரி ஒட்டினார்கள்.

"இப்பயும் குறையுது."

"என்ன?"

"ரொம்பச் சுத்தமா இருக்கு. சுகந்தி மேல போறப்ப லேசாப் பிசிறடிக்கும்."

பிசிறையும் சேர்த்தார்கள். கல்யாண மண்டபத்தின் எதிரொலியைச் சேர்த்தார்கள். அதற்கொரு எஃபெக்ட், இதற்கொரு எஃபெக்ட் என்று திரையில் கீழே கீழே வரிசை நீண்டது. ஒவ்வொன்றைப் போடும்போதும் கதிரேசனின் முகம் மலரும். பாட்டு முடிவதற்குள் வாடிவிடும்.

"வேற என்ன எஃபெக்ட் இருக்கு மேடம்?"

செலின் எழுந்து போய், மூலையில் கிடந்த கீபோர்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

"வாசிங்கண்ணே. அவங்க பாடட்டும்."

ஸ்பீக்கரில் சுகந்தி பாடினாள். கதிரேசன் கூடவே வாசித்தார். பல்லவி முடிந்தது. சரணத்தில் ஓரிடத்தில் அவர் விரல்கள் நின்றன. பாட்டு அதுபாட்டுக்கு அவரைத் தாண்டிப் போய்விட்டது.

"என்னாச்சு?"

கதிரேசன் கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணும்னேதான் லேட் பண்ணேன் மேடம். மேடையில அப்படித்தான் வெளையாடுவோம். நான் நின்னா சுகந்தி நிப்பா. என்னைய ஒரு மொறை மொறைச்சிட்டு, அப்புறம் எடுப்பா. இது என்னன்னா, போய்க்கிட்டே இருக்கு. நான் இருக்கேனா செத்தேனான்னுகூடக் கேக்க மாட்டேங்குது." நிமிர்ந்து பார்த்தார். "அதுக்கு ஏதாச்சும் எஃபெக்ட் வந்திருக்கா?"

செலின் பாட்டை ஒரு ஃபைலாக்கி அவருடைய போனுக்கு அனுப்பினார்.

"வீட்ல போட்டுக் காட்டுங்க."

"யாருக்கு?"

செலின் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டார்.

அன்று சாயந்தரம் சுகந்தி பால்கனியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கதிரேசன் போனை ஸ்டூல் மேல் வைத்துப் பாட்டைப் போட்டார். கையில் ஒரு சட்டையோடு அவள் முழுப் பாட்டையும் கேட்டாள்.

"நல்லாப் பாடியிருக்கு. யாருங்க அந்தப் பொண்ணு?"

"நீதான் சுகந்தி. உன் குரல்தான். கம்ப்யூட்டர்ல பண்ணோம்."

அவள் சட்டையை மடித்து வைத்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "இன்னொரு வாட்டி போடுங்க."

போட்டார். சரணத்தின் மூன்றாவது வரி வந்தது. *கேட்க மாட்டேன், எங்கிருந்தாய் என்று.*

"இது தப்பு" என்றாள் சுகந்தி.

"என்ன தப்பு?"

"இப்படி ஒரே ஓட்டமா ஓடக் கூடாது. இருங்க, நான் பாடிக் காட்டுறேன்."

ஆபரேஷனுக்குப் பிறகு அவள் பாடுகிறேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. கழுத்தில் கை வைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள். காற்று வந்தது. கரகரப்பு வந்தது. கதிரேசனால் கேட்க முடியவில்லை. அவர் கை தன்னால் போனுக்குப் போய்ச் சத்தத்தைக் கூட்டியது. பழைய சுகந்தி பால்கனி முழுக்கப் பாடினாள்.

இந்தச் சுகந்தி வாயை மூடிக்கொண்டாள். துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் கதிரேசன் ஸ்டுடியோவுக்கு வந்தபோது சவரம்கூடச் செய்திருக்கவில்லை.

"பேச மாட்டேங்கிறா மேடம். காபியை வச்சிட்டுப் போயிடுறா. ஏதாவது கேட்டாத் தலையாட்டுறா. கொஞ்ச நஞ்சம் இருந்த பேச்சும் போச்சு." நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். "வேணும்னு பண்ணல மேடம். கை அதுவாப் போயிருச்சு."

"அந்த மூணாவது வரியை எப்படிப் பாடணும்னாங்க?"

"தெரியல. கேக்கலையே நான்."

செலின் பாட்டைத் திறந்தார். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த அலையைக் காட்டினார்.

"இதுல டிராக் பாடுனது யாரு?"

"நான்தான்."

"நிக்கிறது, நெளியிறது, ஓடுறது?"

"எல்லாம் நான் பாடுனதுதான்."

செலின் அந்த அலையை அழித்தார். அதன் மேல் கட்டியிருந்த சுகந்தியின் குரலும் மூச்சும் பிசிறும் கூடவே போயின. திரை வெறுமையாக இருந்தது.

"மேடம்!" கதிரேசன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"டிராக் இல்லண்ணே" என்றார் செலின். "பாடுறதுக்கு ஆளக் கூட்டிட்டு வாங்க."

கதிரேசன் கோபமாகத்தான் படியிறங்கினார். பஸ்ஸிலும் கோபம் இருந்தது. தெருமுனை வரைக்கும் இருந்தது. வீட்டுக்குள் நுழைந்து சமையலறை வாசலில் நின்றபோது பயம்தான் இருந்தது.

"சுகந்தி."

அவள் திரும்பவில்லை. வாணலியில் ஏதோ வதங்கிக்கொண்டிருந்தது.

"அந்த மூணாவது வரி எனக்கு வரல. நீ வந்து பாடு."

சுகந்தி அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"சேலை மாத்திட்டு வரேன்" என்றாள்.

ஸ்டுடியோவில் செலின் அவளைக் கண்ணாடி அறைக்குள் மைக் முன்னால் நிறுத்தினார். "அக்கா, வாங்க. எவ்வளவு மெதுவா வேணும்னாலும் பாடுங்க, இது எடுத்துக்கிரும்." சுகந்தி மைக் ஸ்டாண்டை ஒரு சாண் இறக்கி வைத்துக்கொண்டாள். அதை யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கதிரேசன் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்தார். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் மேல் செலினின் கை இருந்தது.

சுகந்தி பாடினாள். அதைப் பாட்டென்று சொல்ல மனசு வராது. காற்றும் கரகரப்பும்தான். அது நேராக அவர் காதுக்குள் வந்தது. தப்பிக்க வழியில்லை. முதல் வரியில் கதிரேசன் பல்லைக் கடித்துக்கொண்டார். இரண்டாவது வரியில் கண்ணை மூடிக்கொண்டார்.

*கேட்க மாட்டேன்* என்றாள் சுகந்தி. நின்றாள். மூச்சு தீர்ந்துபோனதோ என்று கதிரேசன் கண்ணைத் திறந்தார். அவள் கண்ணாடி வழியே அவரை முறைத்துக்கொண்டிருந்தாள். பிறகு எடுத்தாள். *எங்கிருந்தாய் என்று.*

"இப்படி நிக்கணும்" என்றாள் மைக்கில். "கேக்கத்தான் போறாளோன்னு அவன் பயப்படணும். அதுக்கப்புறம்தான் மிச்சம்."

கதிரேசன் தலையாட்டினார். இத்தனை நாள் எதற்கு ஏங்கினாரோ அது இந்த இடம்தான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததில் சந்தோஷத்தைவிட வலிதான் அதிகமாக இருந்தது.

சுகந்தி கண்ணாடி அறையை விட்டு வந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். செலின் வெறும் பதிவை ஒரு தடவை ஓட்டினார். பிறகு அதே டிராக் மேல், சாஃப்ட்வேருக்குப் பழக்கியிருந்த பழைய குரலைப் போட்டு ஓட்டினார். வெறும் காற்றாக இருந்த சில இடங்களில் மெஷினுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அங்கெல்லாம் குரல் அறுந்துபோய் இருந்தது. மற்ற இடமெல்லாம் அந்தக் காலத்துச் சுகந்தி, அதே இனிமை. மூன்றாவது வரியில் அவள் நின்றாள், எடுத்தாள்.

திரையில் இரண்டு அலைகள், ஒன்றின் கீழ் ஒன்று. கதிரேசன் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் திரையைப் பார்த்தார். அவர் கேட்டது செலினிடம்.

"இதுல எது மேடம் சுகந்தி?"

செலின் திரையை அணைத்தார்.

"அவங்க பக்கத்துல உக்காந்திருக்கப்ப என்னைய ஏண்ணே கேக்குறீங்க?"

கதிரேசன் சுகந்தி பக்கம் திரும்பினார். கேட்க வாய் வரவில்லை.